குழாய் கட்டுகிறவனும் ருஷ்யப் பியானோவும்

ஆச்சி போன் பண்ணினால் ஒன்று காதுகுத்தாக இருக்கும், இல்லாவிட்டால் அறுபதாங்கல்யாணமாக இருக்கும். எத்தனை குழாய் ஸ்பீக்கர், எத்தனை பாக்ஸ், சீரியல் லைட் எத்தனை சரம் என்று விசாரித்து, நான் சொல்கிற தொகையில் கால்வாசியைக் கழித்துவிட்டுத்தான் போனை வைப்பார். 2025 தை மாதக் கடைசியில் வந்த போன் வேறு மாதிரி இருந்தது.

"தம்பி, மாசியில நாலு ராத்திரி வேலை இருக்கு. ஆனா சத்தமே இருக்கக் கூடாது."

காரைக்குடியில் 34 வருஷமாக மைக்செட் வைத்திருப்பவன் நான். சத்தம் போடுவதற்குத்தான் ஊரில் எனக்குக் காசு. சத்தம் இல்லாமல் இருப்பதற்கு யாரும் என்னை வாடகைக்குக் கூப்பிட்டதில்லை.

"பேத்தி பியானோ வாசிக்கப் போறா. அதை நீ பிடிச்சுக் குடுக்கணும்."

பேத்தியை எனக்குச் சின்னப் பிள்ளையிலிருந்தே தெரியும். பள்ளிக்கூட லீவுக்குக் கானாடுகாத்தான் வரும்போதெல்லாம் என் ஆம்ப்ளிஃபையர் குமிழ்களைத் திருகிப் பார்த்து அடி வாங்கியவள். இப்போது 24 வயது. மாஸ்கோவில் படித்துவிட்டு வந்த ஓர் ஆசிரியையிடம் சென்னையில் பத்து வருஷம் கற்றிருக்கிறாள். இது அவளுடைய முதல் தனி ஆல்பம். முழுக்க முழுக்க ருஷ்ய இசையமைப்பாளர்கள், அதிலும் இருபதாம் நூற்றாண்டுக்காரர்கள்: ஸ்க்ரியாபின், புரோகோஃபியெவ், ஷொஸ்தகோவிச், குபைதுலினா. இந்தப் பெயர்களை நான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவளிடம் காட்ட, நான்கில் மூன்றைத் திருத்திக் கொடுத்தாள்.

"ஏன் பாப்பா, முதல் ரெக்கார்டுன்னா எல்லாரும் சோபின்தானே வாசிப்பாங்க?" என்று கேட்டேன். அந்தப் பெயர் எனக்கே தெரியும் என்று காட்டிக்கொள்ளத்தான்.

"என் கையில சோபின் பொய் சொல்ற மாதிரி இருக்கு அங்கிள். இது அப்படி இல்ல."

சென்னையில் ஸ்டுடியோ இல்லாமல் இல்லை. ஆனால் மணிக்கணக்கு வாடகை. "புரோகோஃபியெவோட ஏழாவது சொனாட்டாவை மீட்டர் ஓடுற ஆட்டோவுல உக்காந்துட்டு வாசிக்க முடியாது" என்றாள். சொனாட்டா என்றால் பல பகுதிகளாக வரும் நீளமான உருப்படி. பாட்டி வீட்டு ஹால் சும்மா கிடக்கிறது. சினிமாக்காரர்கள் வந்தால் நாள் வாடகை, மற்ற நாளெல்லாம் வௌவால்.

எனக்கும் ருஷ்யாவுக்கும் முன்பே கொஞ்சம் பழக்கம் உண்டு. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் நோட்டுக்கு அட்டை போட்டது 'சோவியத் நாடு' வழவழத் தாளில்தான். புத்தக வண்டியில் இரண்டு ரூபாய்க்கு வாங்கிய மீர் பதிப்பகத்துப் பௌதிகப் புத்தகம் ஒன்றில்தான் ஒலி அலை என்றால் என்னவென்று தமிழில் முதலில் படித்தேன். ராத்திரி சிற்றலையில் மாஸ்கோ வானொலியின் தமிழ் ஒலிபரப்பைத் தேடிப் பிடிப்பது ஒரு விளையாட்டு. அதில் வந்த கரகரப்பை எப்படிக் குறைப்பது என்று நோண்டப் போய்த்தான் ரேடியோ மெக்கானிக் ஆனேன். மைக்செட் அப்புறம் வந்தது.

அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு பியானோ இருக்கிறது. வீட்டின் இரண்டாம் கட்டில், சுவரை ஒட்டி நிற்கும் வகை. ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தது. யாருக்காக வாங்கினார்கள் என்று ஆச்சிக்கே தெரியாது. பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி என்று வந்த சாமான்களோடு அதுவும் ஒரு சாமான், அவ்வளவுதான். கட்டைகளின் மேல் ஒட்டியிருந்த தந்தத் தகடு பாதி உரிந்துவிட்டது. உள்ளே கம்பளித் துணியை எலி தின்றுவிட்டது. கம்பி முறுக்கும் ஆணிகள் பதிந்திருக்கும் பலகை நம்ம ஊர் வெயிலில் காய்ந்து பிளந்து, முறுக்கினால் நிற்காது. பாப்பா ஆறு வயதில் முதன்முதலில் தட்டிப் பார்த்தது அதில்தான். மூன்று கட்டை பேசாது. "இன்னைக்கும் அந்த மூணு ஸ்வரம் வர்ற இடத்துல ஒரு செகண்டு சந்தேகமா இருக்கும்" என்று சிரித்தாள்.

பதிவுக்குச் சென்னையிலிருந்து வாடகைக்கு ஒரு கிராண்ட் வந்தது, கம்பிகள் படுத்திருக்கும் பெரிய வகைப் பியானோ. யமஹா சி3, ஆறடி ஓரங்குல நீளம், 320 கிலோ. அனுப்பிய கடைக்காரர்கள் வண்டியோடு இரண்டே ஆளை அனுப்பிவிட்டு "லோக்கல்ல பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டுத் திண்ணை தரையிலிருந்து நாலரை அடி. அரிசி மில்லில் மூட்டை தூக்குகிற எட்டுப் பேரைப் பிடித்து வந்தேன். பியானோவைக் காலைக் கழற்றிப் பக்கவாட்டில் படுக்கவைத்துக் கட்டியிருந்தார்கள். கம்பளியை விலக்கிப் பார்த்த ஒருவர், "என்னண்ணே, யானைக்குட்டிக்கு மொட்டை போட்டு அனுப்பிருக்காய்ங்க" என்றார். நிலைவாசலைத் தாண்டும்போது ஆச்சி நிறுத்தச் சொல்லி எலுமிச்சம்பழம் சுற்றி நசுக்கிவிட்டு உள்ளே விட்டார்.

மறுநாள் ட்யூனர் வந்தார். பெரியவர். அவர் வேலை செய்வதை நான் வேறு வேலையெல்லாம் விட்டுவிட்டுப் பார்த்தேன். 88 கட்டைக்குச் சுமார் 230 கம்பி. நடுவிலும் மேலேயும் ஒரு சுரத்துக்கு மூன்று கம்பி. இரண்டைத் துணிப் பட்டையால் வாயை அடைத்துவிட்டு ஒன்றைச் சரி செய்வார், பிறகு அடுத்ததைத் திறந்து அதோடு சேர்ப்பார். இரண்டும் சேராத வரை ஒலி 'வவ்வவ்வவ்' என்று அலையும். சேரச் சேர அலை நீண்டு, கடைசியில் நின்றுபோகும். தம்புராவில் ஜீவா நூலை நகர்த்துகிறவர்கள் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது அவர் முகமும். எல்லாக் கம்பியும் சேர்ந்து அந்த இரும்புச் சட்டத்தை இழுக்கிற இழுவை 20 டன் பக்கம் வரும் என்றார். அதற்கப்புறம் நான் அதன் மேல் டீ கிளாஸ் வைக்கவில்லை.

இனிமேல்தான் என் வேலை.

செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் எல்லாம் போட்டு அரைத்துப் பூசி, தேய்த்துத் தேய்த்துப் பளிங்காக்கியது. கண்ணுக்கு அழகு, காதுக்கு எமன். கீழே ஆத்தங்குடிக் கல், எதிரும் புதிருமாக நீளச் சுவர். ஹால் நடுவில் நின்று ஒரு கை தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிற வரை நின்றது. போதாக்குறைக்கு இரண்டு சுவரும் அந்தத் தட்டலைப் பந்து மாதிரி மாற்றி மாற்றி அடித்து 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம் விட்டன. கல்யாணத்தில் இந்த ஹாலில் மைக் வைத்தால் யார் என்ன பேசினாலும் ஒன்றும் விளங்காது. வாழ்த்துரை சொல்ல வருகிற மாமாக்களுக்கு அது ஒரு வகையில் நல்லது.

வளவில், அதாவது நடுமுற்றத்தில், போட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தோம். திறந்த வானம், எதிரொலி கிடையாது. ஆனால் கிளி, மயில், அணில், பக்கத்துத் தோட்டத்துப் போர்செட், தூரத்தில் செட்டிநாடு ஸ்டேஷனில் ஊதுகிற ரயில் எல்லாம் உள்ளே வந்து உட்காரும். அதனால் ஹால்தான் என்று முடிவாயிற்று.

கல்யாண மண்டபத்திலிருந்து 14 ஜமக்காளம், பந்தல்காரரிடமிருந்து வெல்வெட் திரை, ஆச்சி வீட்டுப் பரணிலிருந்து இலவம்பஞ்சு மெத்தை ஒன்பது. மெத்தைகளை ஒரு பக்கச் சுவரில் மட்டும் சாய்த்தேன். இரண்டு பக்கமும் மூடினால் பியானோ போர்வைக்குள் இருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடும். பாப்பா வாசித்துக்கொண்டே இருக்க, நான் ஒவ்வொரு மெத்தையாக நகர்த்தினேன்.

மைக் இரண்டு. சென்னையில் வாடகைக்கு எடுத்த கண்டன்ஸர் ஜோடி. தலைக்குத் தலை 17 சென்டிமீட்டர், நடுவில் 110 டிகிரி விரிவு. பிரெஞ்சு வானொலிக்காரர்கள் வைத்த கணக்கு இது. மனுஷனுடைய இரண்டு காதுக்கும் நடுவிலுள்ள தூரமும் கிட்டத்தட்ட அதுதான். ஸ்கேலை வைத்து அளந்து ஒரு மரத்துண்டில் பள்ளம் வெட்டி மாட்டினேன்.

ஒரே ஹால், ஒரே பியானோ. ஆனால் ஒரு பாட்டுக்குச் சரியான இடம் அடுத்த பாட்டுக்குச் சரியில்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஷொஸ்தகோவிச்சின் 24 பிரெலூட்-ஃபியூகில் ஏழாவது, ஏ மேஜர் சுருதி. பிரெலூட் என்றால் முன்னுரை மாதிரி, ஃபியூக் என்றால் ஒரே மெட்டு ஒரு குரலை அடுத்து இன்னொரு குரலில் துரத்திக்கொண்டு வருவது. அந்த ஃபியூகில் வருகிற சுரங்கள் எல்லாமே ஒன்றோடொன்று ஒத்துப்போகிற சுரங்கள், இடிக்கிற ஒன்றுகூடக் கிடையாது. அதனால் ஹாலின் எதிரொலி அதற்குத் தோழி. முந்தின சுரம் காற்றில் நிற்கும்போதே அடுத்தது வந்து அதன் மடியில் உட்காரும். மைக்கை ஏழடி தள்ளி வைத்தேன். கோயில் பிரகாரத்தில் மணி அடித்து ஓய்வது போல இருந்தது. அதே இடத்தில் மைக்கை வைத்துப் புரோகோஃபியெவ் சொனாட்டாவின் கடைசிப் பகுதியை எடுத்தால், இடது கை எல்லாம் கலங்கிச் சாம்பார். நாலடிக்குக் கொண்டுவந்து, மெத்தையை இன்னும் மூன்று கூட்டி, பியானோ மூடியைப் பாதித் திறப்பில் வைத்த பிறகுதான் ஒவ்வொரு விரலும் தனித்தனியாகக் கேட்டது.

இந்த ஷொஸ்தகோவிச் கதையை டீ குடிக்கும்போது சொன்னாள். 1950இல் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் இறந்து 200 வருஷம் ஆனதற்கு லைப்சிக் நகரத்தில் போட்டி நடந்திருக்கிறது. இவர் நடுவராகப் போயிருக்கிறார். தத்யானா நிகலாயெவா என்ற இளம்பெண் அங்கே பாக் வாசித்துப் பரிசு வாங்கியதைக் கேட்டுவிட்டு, ஊர் திரும்பி அக்டோபரில் உட்கார்ந்தவர் அடுத்த பிப்ரவரிக்குள் இருபத்து நாலையும் எழுதி முடித்துவிட்டார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான், 1948இல், புரோகோஃபியெவையும் இவரையும் சேர்த்துக் கம்யூனிஸ்ட் கட்சி கண்டித்துத் தீர்மானம் போட்டிருந்தது. அடி வாங்கிய ஆள் எழுதியது மாதிரியா இருக்கிறது அந்த ஏழாவது? எனக்குத் தெரியவில்லை. விடிகிற நேரத்து வாசல் தெளிப்பு மாதிரி இருக்கிறது.

முதல் ராத்திரி ஒன்றும் உருப்படியாக நடக்கவில்லை. ஹெட்போனில் 'கீச்' என்று ஒரு சத்தம். வெளியே கேட்காது, மைக்கில் மட்டும் கேட்கும். பெடலை மிதிக்கும்போது வருகிறது. பெடலைக் கழற்றித் துடைத்தேன், போகவில்லை. பியானோவுக்கு அடியில் மல்லாந்து படுத்து, பாப்பாவை மெதுவாக மிதிக்கச் சொல்லி, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வோர் இணைப்பாகக் காதை வைத்துக் கேட்டதில், மேலே ஒரு மரக்கட்டை நெம்புகோல் தோலில் உரசுகிற இடம் கிடைத்தது. எண்ணெய் மட்டும் விட்டுவிடாதே என்று ட்யூனர் போனில் கத்தினார், மரமும் கம்பளியும் குடித்துவிடுமாம். ஆச்சியின் கணக்கு நோட்டிலிருந்து பென்சிலை வாங்கி, கூர் சீவி, கரித்தூளை அந்த உரசலில் தேய்த்தேன். சத்தம் நின்றது. மணி அதற்குள் மூன்றேகால்.

இரண்டாம் ராத்திரி பதினொன்றரைக்கு ஹெட்போனில் மெல்லிசாக ஒரு அம்மன் பாட்டு. இரண்டு கிலோமீட்டர் தள்ளி எங்கேயோ திருவிழா. ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000இலிருந்து சட்டம். இந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொண்டு போலீஸ் வரும்போதெல்லாம் "சாமி காரியம் சார்" என்று வாதாடுகிற கட்சி நான். இப்போது நானே யாரென்று விசாரித்துப் போன் போட்டேன். எடுத்தது என் அக்கா மகன். கட்டியிருந்தது என் குழாய். காலையில் என் கடையிலிருந்துதான் எடுத்துப் போயிருக்கிறான்.

"மாப்ள, கொஞ்சம் குறைடா."

"மாமா, நீங்களா பேசுறது?"

பன்னிரண்டேகாலுக்கு நிறுத்தினான். ஜெனரேட்டர் கூடாது, இன்வெர்ட்டர் கூடாது, அதன் 'ம்ம்ம்' மைக்கில் ஏறும் என்பதால் வீட்டு மெயினையே இறக்கிவிட்டு, லேப்டாப்பும் பதிவுப் பெட்டியும் பேட்டரியில் ஓட, பாப்பா இரண்டு எல்இடி விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு நாற்பதுக்கு ஆரம்பித்தோம்.

அன்றைக்குப் புரோகோஃபியெவின் சின்னச் சின்ன இருபது துண்டுகள். 1915க்கும் 1917க்கும் இடையில் எழுதியவை. பல துண்டுகள் ஒரு நிமிஷம்கூட வராது. தட்டாம்பூச்சி வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிற மாதிரி, என்னவென்று பார்ப்பதற்குள் முடிந்துவிடும். கடைசி இருபதாவது மெதுவாக, தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் நடக்கும். அதன் கடைசிச் சுரம் ஓய்ந்து, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மீட்டரைப் பார்க்கிறேன், கோடு அடியைத் தொடப் போகிறது, அப்போது பட்டாபிஷேகப் படத்துக்குப் பின்னாலிருந்து:

'ச்சு ச்சு ச்சு ச்சு.'

பல்லி.

ஊஞ்சலில் இவ்வளவு நேரம் அசையாமல் இருந்த ஆச்சி, "பல்லி சொல்லிருச்சு. நல்ல சகுனம். அதை எடுத்துறாதிய" என்றார். அந்தப் பேச்சும் சேர்ந்து பதிவாகிவிட்டது. பாப்பா ஒன்றும் சொல்லாமல் மறுபடி வாசித்தாள். ஆல்பத்தில் இருப்பது அந்த இரண்டாவதுதான். பல்லி உள்ளது என் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது, அழிக்கவில்லை.

மூன்றாம் ராத்திரி சொனாட்டா. ஏழாவது. 1942இல் முடித்தது. 1943 ஜனவரி 18ஆம் தேதி ரிக்தர் என்ற பியானோ கலைஞர் மாஸ்கோவில் முதன்முதலாக வாசித்தபோது ஸ்டாலின்கிராடில் சண்டை இன்னும் முடியவில்லை. எழுதியவர் பிறந்த சோன்ட்சோவ்கா கிராமம் இன்றைக்கு உக்ரைனில் இருக்கிறது. பாப்பா தன் ஆல்பக் குறிப்பில் இதை முதல் வரியாகப் போட்டாள். அவர் இறந்தது 1953 மார்ச் 5, ஸ்டாலின் இறந்த அதே நாள். ஊரெல்லாம் ஒரு சாவைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொரு சாவு சத்தமில்லாமல் போயிற்று.

அதன் மூன்றாம் பகுதிதான் இந்த ஆல்பத்துக்கே உயிர் என்பது என் கணக்கு. எட்டில் ஏழு தாளம். ஏழு என்றதும் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எத்தனை கல்யாணத்தில் தவிலுக்கு மைக் வைத்தவன். ஏழு என்றால் மிஸ்ரம், தகிட தகதிமி. தொடையில் தட்டிக்கொண்டே கேட்டேன். நாலு ஆவர்த்தனத்தில் தடுமாறிவிட்டேன். அடி விழுகிற இடத்தில் என் கை இல்லை, கை இருக்கிற இடத்தில் அடி விழவில்லை.

இடைவெளியில் கேட்டேன். அவள் பியானோ மூடியில் விரலால் தட்டிக் காட்டினாள்: "தக தகிட தக. தக தகிட தக."

நடுவில் மூன்று, இரு பக்கமும் இரண்டு. முன்னாலிருந்து எண்ணினாலும் பின்னாலிருந்து எண்ணினாலும் ஒன்றுதான். அதே ஏழு, வெட்டுகிற இடம் வேறு. இடது கை அடியில் மூன்றே குத்து, கீழே, மேலே, கீழே, விடாமல். அந்த மூன்று குத்தையும் பிடித்துக்கொண்டேன், அதற்கப்புறம் வழி தவறவில்லை.

ஒன்பது தடவை வாசித்தாள். இந்தப் பகுதியில் வெட்டி ஒட்டுவது கிடையாது, ஒரே மூச்சில் வந்ததுதான் போகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். நாலாவதில் நெருப்பு இருந்தது, கூடவே ஒரு தப்புச் சுரமும் இருந்தது. நான், "இருக்கட்டுமே பாப்பா, உசிரு இருக்குல்ல" என்றேன். "தப்பு தப்புதான்" என்றாள். ஐந்தாவது சுத்தம். ஆச்சிகூட நல்லாருக்கு என்றார். எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். நாலாவது 3 நிமிஷம் 19 விநாடி. ஐந்தாவது 3 நிமிஷம் 8 விநாடி.

"பாப்பா, காலம் ஓடுது" என்றேன்.

தவில்காரர்கள் மத்தியில் இதைச் சொன்னால் சண்டை வரும். அவள் ஹெட்போனை வாங்கிக் கேட்டாள். கடைசி ஒரு நிமிஷத்தில் கை சூடேறி, ஒவ்வோர் ஆவர்த்தனத்துக்கும் ஒரு மயிரிழை முந்திக்கொண்டே போயிருக்கிறது. தலைதெறிக்க ஓடுகிற மாதிரி கேட்க வேண்டும், ஆனால் ஓடக் கூடாது. அதுதான் அந்தப் பகுதியின் கஷ்டமே. எழுந்து போய் வளவில் பத்து நிமிஷம் நடந்தாள். திரும்பி வந்து "சரி, இன்னொண்ணு எடுப்போம் அண்ணே" என்றாள். அங்கிள் போய் அண்ணே வந்தது அப்போதுதான். எட்டாவது தடவை வந்தது 3 நிமிஷம் 20 விநாடி. அதற்குப் பிறகு ஒன்றை வாசித்துப் பார்த்துவிட்டு எட்டையே எடுத்துக்கொண்டாள்.

நாலாம் ராத்திரி என் மானம் போன ராத்திரி. சோஃபியா குபைதுலினாவின் 'சக்கோன்', 1962. ஒரே அடிப்படையைத் திரும்பத் திரும்ப வைத்து மாற்றி மாற்றிச் சொல்கிற வகை. மெதுவாக ஆரம்பிக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அதற்கு முன் எடுத்தது ஸ்க்ரியாபினின் 'சுடரை நோக்கி', 1914இல் எழுதியது. அது அடிவயிற்றிலிருந்து புகைந்து, திரியில் பிடித்து, ஐந்தாறு நிமிஷத்தில் கொழுந்துவிட்டு எரிகிற பாட்டு. ஆரம்பத்துப் புகைக்காக மைக் அளவைக் கூட்டியவன், அப்படியே மறந்துவிட்டேன். சக்கோன் முதல் அடியிலேயே இரண்டு கையும் நிறைய, கட்டை முழுக்க, கதவை உடைக்கிற மாதிரி விழுந்தது. மீட்டர் சிவப்பில் முட்டி நின்றது. ஒன்பது நிமிஷம் அவள் வாசித்தாள், நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முடிந்ததும் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

மேடையில் அரசியல்வாதி திடீரென்று கத்தினால் அமுக்குவதற்கு என்னிடம் ஒரு பெட்டி உண்டு. முணுமுணுத்தால் தூக்கும், கத்தினால் குறைக்கும், ஊருக்கு எல்லாம் ஒரே மட்டமாகக் கேட்கும். முதல் நாளே அதைக் கொண்டுபோனேன். கண்ணிலேயே படக் கூடாது என்று சொல்லிவிட்டாள். பல்லிச் சத்தத்துக்கும் கீழே இருக்கிற ஒரு சுரத்தையும், இந்தக் கதவு உடைக்கிற அடியையும் ஒரே பதிவில் அது அது இருக்கிற உயரத்திலேயே பிடிக்க வேண்டும். 34 வருஷமாக நான் செய்தது இதற்கு நேர் எதிர் வேலை.

மார்ச் 13 ராத்திரி கடையை அடைத்துவிட்டு, அந்தச் சக்கோனின் மூன்று பதிவில் எது என்று குறித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பாப்பாவிடமிருந்து செய்தி வந்தது. குபைதுலினா அம்மா முந்தின நாள் ஜெர்மனியில் காலமாகிவிட்டார், வயது 93. கூட எதுவும் எழுதவில்லை. நானும் என்ன எழுதுவது என்று தெரியாமல், 'இரண்டாவது பதிவுதான் நல்லா இருக்கு' என்று மட்டும் அனுப்பினேன்.

செலவுக் கணக்கு எழுதியது ஆச்சி. பியானோ வாடகை, லாரி, ட்யூனர், எட்டு ஆள் கூலி, மைக் வாடகை, எனக்கு (கால்வாசி கழித்து). அதோடு பாட்டுக்காரர்களுக்கும் கட்ட வேண்டும் என்று பாப்பா சொன்னதும் ஆச்சி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"செத்தவுகளுக்குமா?"

நம்ம நாட்டுச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 60 வருஷம் வரை உரிமை உண்டு. ஸ்க்ரியாபின் 1915இல் போனவர், காசு இல்லை. புரோகோஃபியெவுக்கு 2013உடன் முடிந்துவிட்டது. ஷொஸ்தகோவிச் 1975, அதனால் 2035 முடிய கட்ட வேண்டும். குபைதுலினாவுக்கு இன்னும் கேட்கவே வேண்டாம். ஆச்சி விரல் விட்டு எண்ணினார். "அப்ப இது வட்டி இல்ல. மகமை" என்று, கோயிலுக்கும் தர்மத்துக்கும் ஒதுக்குகிற பங்கு மாதிரி, நோட்டில் தனி வரியாக எழுதிக்கொண்டார்.

"நம்ம பக்கத்து ஆளுக எவுகளும் ருஷ்யாக்காரனை நம்பிக் காசு விட்டதில்ல" என்றும் சொன்னார். உடனே பாப்பா மைசூர் மகாராஜாவை இழுத்துவந்தாள். ஜெயசாமராஜேந்திர உடையார் பியானோ படித்தவர், கர்நாடக சங்கீதத்தில் கிருதிகளும் எழுதியவர். ருஷ்யாவை விட்டு வந்து லண்டனில் உடம்பு தளர்ந்து கிடந்த மெட்னர் என்ற இசையமைப்பாளர் தன் படைப்புகளைத் தானே வாசித்து இசைத்தட்டாக்க, 1940களின் கடைசியில் பணம் கொடுத்தவர் அவர்தான். அந்தத் தட்டுகள் இன்றும் கிடைக்கின்றன.

"வட்டி வந்துச்சா?" என்றார் ஆச்சி.

"பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேந்து வாசிக்கிற தன்னோட மூணாவது கன்செர்ட்டோவை ராஜாவுக்குக் காணிக்கையா வெச்சுட்டாரு ஆச்சி."

"சரிதான்" என்றார் ஆச்சி. அது எந்த அர்த்தத்தில் என்று அந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆல்பம் ஆவணியில் இணையத்தில் வந்தது. சிடி கொஞ்சம் போட்டார்கள், எனக்கு இரண்டு. பின்னட்டையில் 'ஒலிப்பதிவு' என்று போட்டு என் பெயர். நோட்டீசில் 'ஒளி-ஒலி அமைப்பு' என்று ஆயிரம் தடவை என் பெயர் வந்திருக்கிறது, அதில் பாதியில் ஒளிக்கும் ஒலிக்கும் 'ளி'யை மாற்றிப் போட்டிருப்பார்கள். இதில் சரியாக இருந்தது.

போன வாரம் கடையில் ஒரு குழாயின் யூனிட் மாற்றினேன். மாற்றினால் ஏதாவது ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். வழக்கமாக 'ஹலோ மைக் டெஸ்டிங்'தான். அன்றைக்கு என்ன தோன்றியதோ, அந்தச் சொனாட்டாவின் மூன்றாம் பகுதியைப் போட்டுக் குழாயைத் தெருப் பக்கம் திருப்பினேன். பாப்பாவுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவாள். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, நடுவில் மட்டும் தகரத்தில் அடிக்கிற மாதிரி, தக தகிட தக, தக தகிட தக. எதிர்த்த டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற பையன் கையை நிறுத்திவிட்டு மூன்று நிமிஷம் 20 விநாடியும் நின்று கேட்டான்.

"அண்ணே, இது எந்தப் படம்?"

"படம் இன்னும் வரலடா" என்றேன்.